கீழ்க்காற்று மலையேறும் நேரம்: மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி மாசுப் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

மார்ச் மாதத்தில் காலை ஏழு மணிக்குக் குன்னூர் லேம்ஸ் ராக் முனையில் நின்று கீழே பார்த்தால், சமவெளியின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் தட்டையாகப் படுத்திருக்கும். அதன் மேல்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல் இருக்கும். அதே இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்றால் அந்தக் கோடு இருக்காது. கீழே, எதிரே, தலைக்கு மேலே, எங்கும் ஒரே மங்கல். காலையில் கீழே கிடந்த மூட்டம் மலையேறி வந்துவிட்டதா, கரைந்து போனதா, இல்லை குன்னூரின் சொந்தப் புகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துச் சொல்வதுதான் இந்த ஆய்வின் வேலை. ஊட்டியிலும் குன்னூரிலும் உயரும் நுண்துகளில் (பி.எம். 2.5) எவ்வளவு ஊரிலேயே எழுந்தது, எவ்வளவு மேட்டுப்பாளையம் – கோவை சமவெளியிலிருந்து ஏறியது, எவ்வளவு பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் விட்டால் பழி எளிதாக யார் மேல் விழும் என்பது தெரிந்ததுதான்: விறகடுப்பு வைத்திருக்கும் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுக்காரர் மேல். காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் அடுப்பை அணைக்கச் சொல்வது அநியாயம்.

கீழே வரும் வெப்பநிலை, ஈரப்பதம், துகள் அளவு எண்கள் ஒரு மார்ச் நாளுக்குப் பொருந்தும்படி கணக்கு காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை; பதிவேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. உயரங்களும் தூரங்களும் உண்மையானவை.

நிலத்தின் அமைப்பு

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில், ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நேர்கோட்டில் 17 கிலோமீட்டர்தான். கல்லாறு தாண்டியதும் ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் சரிவு அது. தெற்கே பவானிப் பள்ளத்தாக்கும், அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாயும். வடக்கே மாயாற்றுப் பள்ளம், அதைத் தாண்டி மைசூர்ப் பீடபூமி. மேற்கே குந்தா மலைகள் செங்குத்தாகக் கேரளத்துக்குள் இறங்குகின்றன. ஆக, நாலு பக்கமும் தாழ்ந்த நிலத்தின் நடுவே எழுந்து நிற்கும் மேடு இது. மோதும் காற்றுக்கு இரண்டே வழி: ஏறிக் கடப்பது, அல்லது மாயாறு வழியாகவோ பாலக்காடு வழியாகவோ சுற்றிப் போவது.

ஜனவரி முதல் மார்ச் வரை கீழ்மட்டக் காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வருகிறது. மழை இல்லாததால் துகள் கழுவப்படுவதில்லை. ஆய்வுக்கு ஏற்ற பருவம் இதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கேள்வியே மாறிவிடும்.

ஏறுமா, சுற்றுமா

காலையில் சமவெளிக் காற்று அடுக்கடுக்காக இறுகி நிற்கிறது. கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே அதைவிட லேசானது. இந்த இறுக்கத்தை மீறி மலையேற காற்றுக்கு வேகம் வேண்டும். எவ்வளவு வேகம் என்பதை இரண்டு வெப்பமானிகளை வைத்தே கணக்கிடலாம்.

மேட்டுப்பாளையத்தில் 22 டிகிரி, அதற்கு 1,500 மீட்டர் மேலே குன்னூர் நிலையத்தில் 14 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் 8. நன்றாகக் கலந்த உலர்காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும்; 1,500 மீட்டருக்கு 14.7 டிகிரி. எட்டுதான் குளிர்ந்திருக்கிறது என்றால் மீதி 6.7 டிகிரி அளவுக்கு அடுக்கு இறுகியிருக்கிறது. இதிலிருந்து மிதப்பு அலைவெண் (அடுக்கின் இறுக்கத்தைச் சொல்லும் எண்) வினாடிக்கு 0.012 என்று வரும். காற்றின் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் என்றால், 4-ஐ 0.012-ஆல் வகுத்தால் 330 மீட்டர். மலைவிளிம்புக்குக் கீழே கடைசி 330 மீட்டர் அடுக்கில் இருக்கும் காற்று மட்டும்தான் விளிம்பைத் தாண்டும். அதற்குக் கீழுள்ள 1,170 மீட்டர் காற்று, அதிலுள்ள புகை அத்தனையும் சேர்த்து, மலையைச் சுற்றிப் போய்விடும். லேம்ஸ் ராக்கிலிருந்து தெரிந்த அந்த நேர்கோட்டுக்கு இதுதான் விளக்கம்.

இந்தக் கணக்கைப் பிற்பகலில் போடக்கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். வெயில் ஏறியதும் மலைச்சரிவின் தோல் சூடாகி, அதை ஒட்டிய காற்று அதே உயரத்தில் வெளியே மிதக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும். மேட்டுப்பாளையத்தில் 35, குன்னூரில் 24 என்று காட்டினால் வித்தியாசம் 11. சூத்திரத்தில் போட்டால் காற்று இன்னும் இறுகியிருக்கிறது என்று விடை வரும். உண்மை நேர் எதிர். சரிவு சூடானதால்தான் காற்று அதை ஒட்டி மேலே இழுக்கப்படுகிறது. ஆகவே இரட்டை வெப்பமானிக் கணக்கு சூரிய உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வரைக்கும் மட்டுமே செல்லும்.

பிற்பகலுக்கு வேறு வழி. கீழே 35 டிகிரியில் இருக்கும் காற்றுப் பொட்டலம் மேலே போகப் போக 9.8 வீதம் குளிரும். 2,100 மீட்டரில் அது 17.6 டிகிரி. வானிலை பலூனோ மறுபகுப்பாய்வுத் தரவோ (அளவீடுகளைக் கணினி மாதிரியோடு சேர்த்துக் கணக்கிட்ட வானிலைத் தரவு) 2,100 மீட்டரில் வெளிக்காற்று 17.6 என்று சொன்னால், சமவெளியின் கலக்கும் அடுக்கு, அதாவது தரைக்காற்றும் புகையும் மேலும் கீழும் கலக்கும் அடுக்கு, அங்கே முடிகிறது. குன்னூர் அதற்குள்ளே. ஊட்டி அதற்குச் சற்று மேலே, சரிவுக்காற்று தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் எட்டும் தூரத்தில். ஒரே நாளில் குன்னூர் மங்கலாகவும் ஊட்டி தெளிவாகவும் இருப்பதற்கு இந்த 100, 150 மீட்டர் வித்தியாசமே போதும். பலூன் பறப்பது அதிகாலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும், அதுவும் சென்னை, திருவனந்தபுரம் போன்ற தூர இடங்களில். கலக்கும் அடுக்கு உச்சத்தில் இருக்கும் இரண்டு, மூன்று மணி இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. அதனால்தான் காலை பலூனின் வெப்பக்கோட்டையும் பிற்பகலின் தரை வெப்பத்தையும் சேர்த்து இப்படிக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

கருவிகள்

நான்கு நிலையங்கள் குறைந்தபட்சம்: மேட்டுப்பாளையம், நடுச்சரிவில் ஹில்குரோவ் பக்கம், குன்னூர், ஊட்டி. ஐந்தாவது கிடைத்தால் அது தொட்டபெட்டா முகடாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் லேசர் ஒளிச்சிதறல் துகள் உணரி (பி.எம்.எஸ். 5003 போன்றது), வெப்பம்–ஈரப்பத உணரி, காற்றழுத்த உணரி, காற்றுத் திசை–வேகமானி. பத்து நிமிடச் சராசரியாகப் பதிவு. காற்று உள்ளிழுக்கும் வாய் தரையிலிருந்து 3 முதல் 4 மீட்டர் உயரத்தில், அடுப்புக் கூண்டிலிருந்து 50 மீட்டராவது தள்ளி. தேயிலைத் தொழிற்சாலைக்கு இது போதாது. இலை வாட்டவும் உலர்த்தவும் எரியும் விறகின் புகை அரை கிலோமீட்டர் வரை பள்ளத்தில் படுத்துக்கொண்டு வரும்.

மலையில் கருவி கெடும் விதமே வேறு. வாயில் எட்டுக்கால் பூச்சி வலை கட்டும். நைலான் வலைத்துண்டு போட்டு வாரம் ஒருமுறை தூரிகையால் துடைக்க வேண்டும். சரிவு நிலையங்களில் குரங்கு கேபிளைப் பிய்க்கும், ஆகவே வயர் முழுதும் இரும்புக் குழாய்க்குள் போக வேண்டும். குன்னூர்ப் பக்கம் காட்டெருமை கம்பத்தில் உரசும். இரண்டடி ஆழக் குழியில் நட்ட கம்பம் ஒரே வாரத்தில் சாயும், அப்போது காற்றுமானி காட்டும் திசையும் வேகமும் பொய்யாகிவிடும். கட்டடச் சுவரிலோ பாறையிலோ பூட்டுவது மேல்.

பெரிய பொய் பனிமூட்டத்திலிருந்து வருகிறது. ஒளிச்சிதறல் உணரிக்கு நீர்த்துளி எது, புகைத்துகள் எது என்று தெரியாது. மேகம் ஊருக்குள் நுழைந்தால் நுண்துகள் நூற்றுக்கணக்கில் ஏறும். ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டிய பதிவுகளைத் தள்ளிவிடுங்கள், அல்லது உள்ளிழுக்கும் குழாயைச் சூடாக்கி உலர்த்துங்கள். தள்ளினால் அதிகாலைத் தரவு நிறையப் போகும். மனம் வராது, ஆனாலும் தள்ள வேண்டும்.

உயரம் தரும் பொய்யும் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்தில் ஒரு கன மீட்டராக இருந்த காற்று ஊட்டியை அடையும்போது அழுத்தம் குறைந்து 1.17 கன மீட்டராக விரிந்துவிடும். அங்கே 60 மைக்ரோகிராம் இருந்தால், ஒரு துகள்கூடக் குறையாமல் அப்படியே வந்தாலும் இங்கே 51 என்றுதான் காட்டும். இந்தத் திருத்தம் இல்லாமல் இரண்டு ஊரையும் ஒப்பிட்டு ‘வழியில் 15 விழுக்காடு மாசு குறைந்தது’ என்று எழுதுவது பிழை.

நீராவி சொல்லும் சாட்சி

நுண்துகள் அளவு மட்டும் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லாது. கூடவே வந்த நீராவி சொல்லும். மலையில் மாசுப் பயணம் பார்ப்பவர்கள் விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஈரப்பத உணரி எல்லாப் பெட்டியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

ஊட்டியில் காலை 10 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு, நிலைய அழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கல். பிற்பகல் 20 டிகிரி, 50 விழுக்காடு. ஈரப்பதம் 70-லிருந்து 50-க்கு விழுந்திருக்கிறது, காற்று உலர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்று மாற்றிப் பாருங்கள். நீராவி அழுத்தத்தை 622-ஆல் பெருக்கி, மொத்த அழுத்தத்திலிருந்து நீராவி அழுத்தத்தைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். காலையில் நீராவி அழுத்தம் 8.6, விடை 6.9 கிராம். பிற்பகலில் 11.7, விடை 9.5 கிராம். காற்றில் நீர் கூடியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் அதே நேரம் 35 டிகிரி, 30 விழுக்காடு. அங்கே 11 கிராம். ஊட்டிக் காற்று சமவெளிக் காற்றை நோக்கி நகர்ந்திருக்கிறது.

எவ்வளவு நகர்ந்தது? 6.9-க்கும் 11-க்கும் இடைவெளி 4.1. அதில் 2.6 கடந்திருக்கிறது. ஏறக்குறைய 63 விழுக்காடு கீழ்க்காற்று. இது மேல்வரம்புதான், தேயிலைச் செடியும் சோலையும் நனைந்த மண்ணும் தம் பங்குக்கு நீராவி விடுகின்றன. வறண்ட மார்ச்சில் அது குறைவு, முந்தின நாள் மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கையே விட்டுவிடுங்கள். இப்போது துகளைப் பொருத்துங்கள்: விரிவுத் திருத்தத்துக்குப் பின் கீழ்க்காற்று 51, மலையின் சொந்தப் பின்னணி 15 என்றால் கலவை 38 மைக்ரோகிராம் வர வேண்டும். உணரி 38-ஐ ஒட்டிக் காட்டினால் உயர்வு முழுதும் ஏறி வந்தது. 60 காட்டினால் மீதி 22 ஊரின் பங்கு. நாட்டின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம் என்பதால், இந்த இரண்டு விடைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் நிர்வாக முடிவையே மாற்றக்கூடியது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: நிலைய அழுத்தத்துக்குப் பதில் கடல்மட்ட அழுத்தத்தைப் போடுவது. சில பதிவுக் கருவிகளும் பல கைபேசிச் செயலிகளும் 1013 என்று மாற்றித்தான் காட்டும். அதைப் போட்டால் 9.5 கிராம் 7.3 ஆகிவிடும், கீழ்க்காற்று பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்ற தவறான முடிவு கிடைக்கும். ஊட்டியில் அழுத்தம் 800-க்கு மேல் தெரிந்தாலே கருவியின் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

துகள் ஏறி நீராவி மாறாமல் இருந்தால் ஊரின் புகை. துகள் ஏறாமல், நீராவி குறைந்து, ஓசோன் கூடினால் மேலிருந்து உலர்காற்று இறங்கியிருக்கிறது. காலை 7 முதல் 9, மாலை 6 முதல் 8 வரை கூர்மையாக எழுந்து விழுவது அடுப்பும் வாகனமும். பிற்பகல் 1 முதல் 5 வரை அகலமாக, மெதுவாக ஏறி இறங்குவது மலையேறிய காற்று. சரிவுக்காற்று வினாடிக்கு 2.5 மீட்டர் வந்தால் 17 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நான்கு நிலையத்திலும் துகள் அளவின் அந்த ஏற்றம் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுகிறதா என்று பாருங்கள். நான்கிலும் ஒரே நிமிடத்தில் எழுந்தால் அது பயணம் அல்ல. கடிகாரமோ மின்சாரமோ காரணமாக இருக்கும்.

தூரத்திலிருந்து வருவது

மாலையில் சூரியன் இறங்கியதும் சமவெளியின் கலக்கும் அடுக்கு சரிந்துவிடும். ஆனால் பகலில் 2,000 மீட்டர் வரை ஏறிவிட்ட புகை கீழே வருவதில்லை. தரையோடு உறவறுந்து மேலேயே மிதக்கும் அந்த எச்ச அடுக்கில் இரவுக்காற்று வினாடிக்கு 8 மீட்டர் வீசினால், பத்து மணி நேரத்தில் 290 கிலோமீட்டர். கோவையில் மதியம் எழுந்தது விடியலில் கேரளக் கடலுக்கு மேல் இருக்கும். மலைச்சரிவு பகலெல்லாம் புகைக்கூண்டாக வேலை செய்து, தரையோடு கிடந்திருக்க வேண்டிய மாசைத் தூரப் பயணத்துக்கு ஏற்றி அனுப்புகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் பரிசோதனை, இப்படி நிலத்திலிருந்து கிளம்பிய பழுப்பு மூட்டம் கடலுக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் பரவி நிற்பதை அளந்து காட்டியது.

வடக்கிலிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் அதேபோல் வருவதை நீலகிரியில் பிடிக்க நேரம் அதிகாலை 2 முதல் 5 வரை, இடம் முகடு. ஊட்டி ஏரிப் பள்ளமும் கேத்திப் பள்ளத்தாக்கும் உதவாது. உறைபனி விழும் அதே பள்ளங்களில்தான் இரவில் குளிர்காற்று தேங்கி, ஊரின் விறகுப் புகையை மூடி போட்டு அடைத்து வைக்கிறது. தொட்டபெட்டா போன்ற முகடு மட்டும் அந்தக் குளிர்காற்றுக் குளத்துக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் பிற்பகல் மேலேறு காற்றுப் பதிவுகளைக் கழித்துவிட்டு இரவுக் காற்றை நம்புவதும் இதே காரணத்தால்தான்.

கறுப்புக் கார்பன் கருவி இருந்தால் உறிஞ்சல் அடுக்கெண்ணையும் (ஒளியின் அலைநீளம் மாறும்போது துகள் அதை உறிஞ்சுவது எவ்வளவு மாறுகிறது என்ற எண்) பாருங்கள். ஒன்றை ஒட்டி இருந்தால் டீசல் புகை. ஒன்றரை முதல் இரண்டை நோக்கிப் போனால் விறகு, சருகு, காட்டுத்தீ.

மாதிரியில் மலை இல்லை

ஹைஸ்பிளிட் என்ற கணினி மாதிரியில் பின்னோக்குப் பாதை (காற்று வந்த வழியைப் பின்னோக்கித் தேடும் கோடு) போடுவது இப்போது பத்து நிமிட வேலை. பத்து நிமிடத்தில் தவறான விடை கிடைப்பதும் அவ்வளவே எளிது. ஒரு பாகைக் கட்டமுள்ள வானிலைத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டமே 2,550 சதுர கிலோமீட்டர்தான். மலையும் மேட்டுப்பாளையமும் முதுமலையும் ஒன்றாகச் சராசரியாகி ஒரு மழுங்கிய மேடாகிவிடும். அந்த மேட்டின் உயரம் 1,100 மீட்டர் என்று வையுங்கள். ‘தரையிலிருந்து 500 மீட்டர்’ என்று தொடங்கினால் பாதை 1,600 மீட்டரில் தொடங்கும். உண்மையான ஊட்டித் தரைக்கு 640 மீட்டர் கீழே, பாறைக்குள். அங்கிருந்து அது சமவெளிக் காற்றோடு பின்னோக்கிப் போய், கோவைதான் காரணம் என்று அழகான கோடு வரைந்து காட்டும்.

செய்ய வேண்டியது: அமைப்புக் கோப்பில் கே.எம்.எஸ்.எல். மதிப்பை 1 ஆக்கி உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கொடுங்கள். 2,300, 2,600, 3,000 என மூன்று உயரங்களில் ஓட்டுங்கள். ஒற்றைக் கோட்டை நம்பாமல் 27 பாதைகளின் தொகுப்பைப் போடுங்கள். தொகுப்பு விசிறியாக விரிந்தால் அந்த நாளுக்கு விடை இல்லை என்று எழுதுங்கள். நல்ல நாளிலும் பிழை பயணத் தூரத்தில் 15 முதல் 30 விழுக்காடு. 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட ஊரைச் சுட்டிக்காட்ட அதற்குத் தகுதி இல்லை.

சரிவுக்காற்றை மாதிரியில் பார்க்கவே வேண்டுமென்றால் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாதிரியை 27, 9, 3, 1 கிலோமீட்டர் கட்டங்களாக, ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளடுக்கி ஓட்ட வேண்டும். முதல் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் பத்து அடுக்காவது இருக்கட்டும். உள்கட்டத்தில் கால இடைவெளி வழக்கமான 6 வினாடி என்றால் குன்னூர்ச் சரிவில் ஓட்டம் உடைந்து நின்றுவிடக்கூடும். 3 வினாடிக்கு இறக்குங்கள்.

உயரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வு. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. ஊட்டியிலிருந்து அது நேர்கோட்டில் 160 கிலோமீட்டர். அப்படிப்பட்ட நாளில் பின்னோக்குப் பாதை கொச்சிக்கு மேல் போனாலும் அது சாட்சி ஆகாது. குப்பைத் தீ கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைவது; புகையை உயரத் தள்ள அதில் சூடு போதாது, இரவில் தரையோடு கிடக்கும். பாதை கொச்சியை எந்த உயரத்தில், எந்த மணியில் கடந்தது, அப்போது அங்கே கலக்கும் அடுக்கு அந்த உயரத்தைத் தொட்டதா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரவில் 1,500 மீட்டரில் கடந்திருந்தால் பாதை புகைக்கு மேலே பறந்திருக்கிறது.

பருவம் முடிந்து கருவிகளை இறக்கும் நாளில் நான்கு உணரியையும் மறுபடி ஒரே மாடியில், பீட்டாக் கதிர்த் துகள்மானிக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வையுங்கள். தொடக்கத்திலும் இதே இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஓர் உணரி விலகியிருந்தால், பெரும்பாலும் விறகுப் புகையில் அதிகம் நின்ற குன்னூர் உணரிதான் விலகும், அந்த விலகலைப் பருவம் முழுதும் நாள்வாரியாகப் பகிர்ந்து கழித்துவிட்டு துகள் பங்கீட்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.